கண் அளவுச் சமையலை ஒருமுறை அளந்து பார்ப்போம்

நான் வேலை செய்வது ஒரு செம்பனை எண்ணெய் ஆலையின் ஆய்வகத்தில். கோலா சிலாங்கூர் வட்டாரத்தில் நம் பிள்ளைகள் பலர் செய்கிற வேலைதான். சில மணி நேரத்திற்கு ஒருமுறை எண்ணெய் மாதிரி எடுத்து வந்து, ஈரம் எவ்வளவு, அழுக்கு எவ்வளவு, தனிக் கொழுப்பு அமிலம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். கொழுப்பு அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால் மேலாளர் அறைக்கு ஓட வேண்டியதுதான். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் வரை எழுதி வைப்பேன். அப்படிப்பட்ட நான், என் அம்மா ஒரு நாளைக்குச் சட்டியில் எவ்வளவு எண்ணெய் ஊற்றுகிறார் என்பதை 24 வயது வரை கவனித்ததே இல்லை.

கவனிக்க வைத்தது அப்பாவின் கால் விரல்.

அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுநர். புதுக் காலணி கடித்த சிறு புண். மூன்று வாரமாகியும் ஆறவில்லை. மஞ்சள் வைத்தார், தைலம் வைத்தார், கடைசியில் காலணியோடு மறைத்தும் வைத்தார். கிளினிக்குக் கொண்டுபோனபோது இரத்தத்தில் சர்க்கரை 17 என்று காட்டியது. இனிப்பு நீர் எத்தனையோ ஆண்டுகளாக உடம்பில் இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. மருத்துவமனையில் பதினோரு நாள் இருந்தார். விரல் தப்பியது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்குத் தப்பவில்லை. அவரும் நம்மவர்தான். வார்டில் அந்த வரிசையில் பாதிக்கு மேல் நம்மவர்கள்தான்.

அது ஏதோ அன்றைய தினத்தின் தற்செயல் அல்ல. சுகாதார அமைச்சின் 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, 18 வயதுக்கு மேற்பட்ட மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. ஏறத்தாழ மூவரில் ஒருவர். மலாய்க்காரர்களிடையே 22, சீனர்களிடையே 15.1. இந்த எண்களை இந்தப் பக்கத்தில் நீங்கள் முன்பும் படித்திருக்கலாம். நானும் படித்திருக்கிறேன், படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன்.

அப்பா வீட்டுக்கு வந்த அன்றே நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். கைப்பேசியில் தேடி எடுத்த உணவு அட்டவணையை அச்சடித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன். ஓட்ஸ், சிவப்பு அரிசி, ஆலிவ் எண்ணெய், வேகவைத்த கோழி நெஞ்சு. "இனிமே இதான்மா. உங்க கறியெல்லாம் வேணாம். அதனாலதான் இப்படி ஆச்சு" என்றேன்.

அம்மா எதுவும் சொல்லவில்லை. அன்று இரவு சமைத்தார், பரிமாறினார், தான் சாப்பிடாமல் படுத்துவிட்டார். மறுநாள் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னது என் காதில் விழுந்தது: "இருபத்தெட்டு வருஷமா நான் விஷம் வச்ச மாதிரில்ல பேசறான்."

அடுத்த இரண்டு மாதம் எங்கள் வீட்டில் இரண்டு சமையல் நடந்தது. எங்களுக்கு வழக்கமான கறி. அப்பாவுக்குத் தனித் தட்டு: உப்பில்லாத காய், வெளுத்த கோழி. அவர் அதை ஒரு மூலையில் உட்கார்ந்து, மருந்து விழுங்குவது போல் விழுங்கிவிட்டு எழுந்துவிடுவார். அப்புறம் "லாரிக்கு டயர் பார்க்கணும்" என்று வெளியே போவார். டயர் எங்கே இருந்தது தெரியுமா? புக்கிட் ரோத்தான் சாலையோரக் கடையில், ஒரு தட்டு மீ கோரெங்கிலும் ஒரு தே தாரிக்கிலும். எனக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், குடும்பமே கோழிக்கறி வாசத்தில் சாப்பிடும்போது ஒரு மனிதனை மட்டும் ஒதுக்கி வைத்தால் அவர் வேறென்ன செய்வார்?

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது இதைத்தான். நோயாளிக்கென்று தனிச் சமையல் வைக்காதீர்கள். வீட்டில் எல்லாரும் விரும்பிச் சாப்பிடுகிற அந்தக் கறியை, அந்தத் தோசையை, அந்தத் தேநீரையே எடுத்து, அதன் அளவுகளை மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். இந்த வேலையில் படித்த பிள்ளைகளுக்கு ஓர் இடம் உண்டு. ஆனால் நான் போய் நின்ற இடத்தில், அதாவது குற்றம் சாட்டும் இடத்தில் அல்ல.

எங்கள் வீட்டில் பேச்சு திரும்பியது ஒரு கிளினிக் வரிசையில். அங்கே மிஸ்ஸி அம்மாவிடம், ஒரு தட்டின் படத்தைக் காட்டி, "சுக்கு சுக்கு செபாரோ" என்றார். சுகாதார அமைச்சு சொல்லித்தரும் தட்டு அது: கால் தட்டு சோறு, கால் தட்டு மீனோ கோழியோ பருப்போ, மீதி அரைத் தட்டு காயும் பழமும். மலாயில் 'சுக்கு' என்றால் கால் பங்கு. அம்மாவோ, "சுக்கா? வீட்டுல நெறைய இருக்கு, எங்கம்மா எல்லாத்துக்கும் சுக்குதான் தட்டிப் போடுவாங்க" என்றார். மிஸ்ஸி சிரித்தார், நானும் சிரித்தேன், அம்மாவும் இரண்டு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். வண்டியில் திரும்பும்போது கேட்டேன்: "பாட்டி எப்படிம்மா சமைப்பாங்க?"

அந்த ஒரு கேள்விதான் அட்டவணை செய்யாததைச் செய்தது. வீடு வந்து சேரும்வரை அம்மா பேசிக்கொண்டே வந்தார்.

பாட்டி, பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் (இப்போதைய பெஸ்தாரி ஜெயா) ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவியவர். விடியும் முன்னே பெரட்டுக்குப் போக வேண்டும். எண்ணெய் வாங்குவது கடையில் பாட்டில் கணக்கில். ஒரு பாட்டில் வாரத்தைத் தாண்ட வேண்டும், வீட்டில் ஒன்பது பேர். தாளிக்க மட்டும்தான் எண்ணெய். பொரிப்பது தீபாவளிக்கும் காதுகுத்துக்கும். கோழி சம்பளம் போட்ட வாரத்தில், அதுவும் ஒன்பது பேருக்கு ஒரு கோழி. குழம்பில் கறியைவிட முருங்கைக்காயும் கத்தரிக்காயும்தான் அதிகம் மிதக்கும். லயத்துக்குப் பின்னால் முருங்கை, அகத்தி, பசலை, மரவள்ளி. காலையில் கேழ்வரகுக் கூழோ, இரவு நீரூற்றி வைத்த சோறோ. தேநீருக்கு டின் பால் போட்டால் அது விருந்தாளி வந்த நாள்.

ஆக, "பரம்பரைக் கைமணம்" என்று நாம் தூக்கிப் பிடிக்கிற, எண்ணெய் மிதக்கும் கறி எங்கள் வீட்டில் பாட்டியுடையதே அல்ல. அம்மா காலத்தில் வந்தது. அம்மாவே அதைச் சொன்னபோது எனக்கு வியப்பாக இருந்தது. "அப்போ எங்கடா எண்ணெய்? கையில காசு வந்தப்புறம்தான் ஊத்தினேன். எங்க அப்பாவுக்கு ஊத்த முடியல, உங்கப்பாவுக்காவது ஊத்துவோம்னு."

இதில் நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு கதை இருக்கிறது. மலேசியாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை நட்ட இடம் வேறெங்கும் இல்லை, இதே கோலா சிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமாரம் தோட்டம்தான். ஆண்டு 1917. நட்டவர் ஹென்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். (அவர் பிறகு மலாயாவைப் பற்றி எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. பெஸ்தாரி ஜெயா வழியாகப் போகும் எத்தனை மாணவருக்கு இது தெரியும்?) 1960களுக்குப் பிறகு நாடெங்கும் ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். நம் தாத்தாக்களும் அப்பாக்களும் குலை வெட்டினார்கள், சுமந்தார்கள், லாரி ஓட்டினார்கள். அந்த எண்ணெய் மலிவாகி நம் அடுப்புக்கே திரும்பி வந்தது. இன்றைக்கும் அரசாங்க உதவித்தொகையோடு 1 கிலோ பாக்கெட் 2 வெள்ளி 50 சென். விலை மலிவாக இருப்பது ஏழைக் குடும்பத்துக்குப் பெரிய உதவி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். என் சோறும் அந்த எண்ணெயில்தான் வேகிறது. ஆனால் மலிவான பொருளை யாரும் அளந்து ஊற்றுவதில்லை.

பாட்டி காலத்தைப் பொற்காலம் என்று சொல்லவும் நான் தயாரில்லை. பாட்டி எண்ணெயைக் குறைத்தது உடல்நலம் கருதி அல்ல, கையில் இல்லாததால். பிள்ளைகள் பசியோடு தூங்கிய இரவுகளும் உண்டு என்று அம்மா சொல்கிறார். ஜப்பானியர் காலத்தில் மரவள்ளிக்கிழங்கையே மூன்று வேளையும் தின்ற தலைமுறை அது. மரவள்ளியை "ஆரோக்கிய உணவு" என்று அவர்களிடம் போய்ச் சொன்னால் துடைப்பத்தை எடுப்பார்கள். அவர்கள் உடம்பு காலை முதல் மதியம் வரை மரத்துக்கு மரம் நடந்த உடம்பு. நம்முடையது நாற்காலியில் இருக்கும் உடம்பு. அப்படியிருந்தும், அவர்களின் சமையலில் நாம் திருப்பி எடுத்துக்கொள்ளத் தக்கவை சில இருக்கின்றன. புழுங்கல் அரிசியை மட்டும் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் மருத்துவ வரலாறே இருக்கிறது.

நூறாண்டுக்கு முன் மலாயாவை ஆட்டிப்படைத்த நோய் பெரிபெரி. கால் மரத்து, வீங்கி, இதயம் தளர்ந்து சாவார்கள். சுரங்கங்களிலும் சிறைகளிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். ஆனால் தோட்டத்துத் தமிழர்களிடம் அது அரிதாகவே இருந்தது. ஏன் என்று கேட்டவர்களில் ஒருவர் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர். 1907இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். தமிழர்கள் உண்டது நெல்லாகவே அவித்துக் காயவைத்துக் குத்திய புழுங்கல் அரிசி; நோய் கண்டவர்கள் உண்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. 1905இல் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வெள்ளை அரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பிரிவில் பெரிபெரி பரவியது, புழுங்கல் பிரிவில் பரவவில்லை. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயாமின் என்ற சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பின்னாளில் புரிந்தது. உலக ஊட்டச்சத்து வரலாற்றில் இடம்பெற்ற அந்த அரிசி, நம் பாட்டிகளின் பானையில் இருந்தது. இன்று நம் வீடுகளில் எத்தனை பேர் அதை வாங்குகிறோம்? வெள்ளையாக, பொலபொலவென்று இருப்பதுதான் நல்ல அரிசி என்று எப்போது முடிவு செய்தோம்?

புழுங்கல் அரிசி பெரிபெரியைத் தடுத்தது என்பதற்காக இனிப்பு நீரைக் குணமாக்கிவிடும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வெள்ளை அரிசியைவிடப் பொதுவாக அது சற்று மெதுவாகச் சர்க்கரையாக மாறும், அவ்வளவுதான். மூன்று தட்டு சாப்பிட்டால் புழுங்கலும் ஒன்றுதான், பொன்னியும் ஒன்றுதான்.

இனி அளவுக்கு வருகிறேன். நானும் அம்மாவும் ஒரு மாதம் எதையும் மாற்றாமல், எழுதி மட்டும் வைத்தோம். இது என் ஆய்வகப் புத்தி. பள்ளிப் பயிற்றி ஒன்றில் மிச்சமிருந்த தாள்கள்தான் குறிப்பேடு. 5 கிலோ எண்ணெய் போத்தல் வாங்கிய தேதி, தீர்ந்த தேதி. சீனி பாக்கெட் பிரித்த தேதி, தீர்ந்த தேதி. இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

எண்ணெய் 19 நாளில் தீர்ந்தது. நாங்கள் நால்வர். 5,000 கிராமை 19ஆல் வகுத்து, மீண்டும் 4ஆல் வகுத்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 65 கிராம். எண்ணெய் எதுவாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. ஆக, சோறு, கறி, மீன் எல்லாவற்றுக்கும் மேலாக, எண்ணெயில் மட்டும் கிட்டத்தட்ட 590 கலோரி. பொரித்து மிச்சமாகிக் கொட்டியதைக் கழித்தாலும் அதிகம்தான். சீனி 1 கிலோ ஆறே நாளில் தீர்ந்தது. ஆளுக்கு நாளொன்றுக்கு 40 கிராமுக்கு மேல், டின் பாலில் இருப்பது தனி. உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது, சேர்க்கப்படும் சர்க்கரை எல்லாம் கூடி நாளுக்கு 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள்.

கணக்கை அம்மாவிடம் காட்டியபோது நான் வாயைத் திறக்கவில்லை. அவரே பார்த்துவிட்டு, "இவ்ளோவா?" என்றார். பிறகு, "அளவுக் கரண்டி எங்க விக்கும்?" என்றார். கோலா சிலாங்கூர் கடைத்தெருவில் 3 வெள்ளிக்குக் கிடைத்தது.

முதலில் எடுத்துக்கொண்டது கோழிக்கறி. ஏனென்றால் அதுதான் எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை; அதில் தோற்றால் எதிலும் ஜெயிக்க முடியாது. அம்மா வழக்கமாக ஊற்றும் இரண்டு குழிக்கரண்டி எண்ணெய், அளந்தால் 110 மில்லி. முதல் வாரம் அதை 30 மில்லியாக, அதாவது இரண்டு மேசைக்கரண்டியாகக் குறைத்தோம். கறி படுதோல்வி. மசாலா பச்சை வாசம், குழம்பு தண்ணீராக ஓடியது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

ஏன் தோற்றது என்று அம்மாதான் கண்டுபிடித்தார். நம் சமையலில் "எண்ணெய் பிரிந்து வரணும்" என்பது கறி வெந்ததற்கான அடையாளம். உண்மையில் அது சொல்வது, மசாலாவில் இருந்த தண்ணீர் வற்றிவிட்டது, பச்சை வாசம் போய்விட்டது என்பதைத்தான். எண்ணெய் குறைவாக இருந்தால் அந்த அடையாளம் தெரியாது, மசாலாவும் அடிப்பிடிக்கும். ஆகவே அடையாளத்தை மாற்றினோம். வெங்காயத்தை இரண்டு மடங்காக்கி, கொஞ்சம் உப்புத் தூவி, மூடிபோட்டு அதன் தண்ணீரிலேயே குழைய விட்டோம். மசாலாத் தூளை நீரில் குழைத்து ஊற்றி, சிறு தீயில், பிடிக்கும்போதெல்லாம் ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்துக் கிளறினோம். நிறம் கறுத்து, மூக்குக்குச் சரி என்று பட்டால் போதும். எண்ணெயே இல்லாமல் செய்ய முடியாது. மிளகாயின் நிறமும் மசாலாவின் மணமும் எண்ணெயில்தான் கரைந்து வெளியே வரும். கோழித் தோலை உரித்துவிட்டோம். தேங்காய்ப்பால் பாதியானது, அதையும் இறக்கும் முன் ஊற்றினோம். கடைசியில் ஊற்றினால் குறைவான பாலே வாயில் நிறையத் தெரிகிறது. உருளைக்கிழங்கில் பாதியை எடுத்துவிட்டுப் பாட்டி வழக்கப்படி முருங்கைக்காயும் கத்தரிக்காயும். நான்காவது ஞாயிறு அப்பா கேட்காமலே இரண்டாம் முறை குழம்பு ஊற்றிக்கொண்டார். அன்று டயர் பார்க்கப் போகவில்லை.

தோசை கதை வேறு. கேழ்வரகு நல்லது என்று கேள்விப்பட்டு, அரிசியை அடியோடு எடுத்துவிட்டு, எல்லாம் கேழ்வரகாக ஒருநாள் நானே கரைத்தேன். கல்லிலிருந்து எடுக்கவே முடியவில்லை. எடுத்ததைக் கோழிக்குப் போட்டோம், கோழியும் யோசித்தது. இப்போது டின் கணக்கில் செய்கிறோம். முன்பு 4 டின் அரிசிக்கு 1 டின் உளுந்து. இப்போது 2 டின் புழுங்கல் அரிசி, 1 டின் தோலோடு ஊறிய பச்சைப் பயறு, 1 டின் உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். பருப்பு வகை பாதியாகிவிட்டது. புளித்து எழும்பி வருகிறது, மொறுமொறுப்பும் உண்டு. கொஞ்சம் பச்சை நிறம், அதற்குத் தங்கை ஒரு வாரம் முகம் சுளித்தாள், பிறகு மறந்துவிட்டாள்.

தேநீரில் நாங்கள் தந்திரம் எதுவும் செய்யவில்லை. மூன்று கரண்டிச் சீனியை இரண்டரை ஆக்கினோம், இரண்டு வாரம் கழித்து இரண்டு, அப்படியே அரை வரை. நாக்கு பழகிவிடுகிறது. இப்போது வெளியே தே தாரிக் குடித்தால் அப்பாவே "பாயசம் மாதிரி இருக்கு" என்கிறார். அதுவும் பழைய பாயசம். இப்போது வீட்டுப் பாயசத்தில் சீனி பாதிதான்.

இந்த இடத்தில், கூட்டங்களிலும் குடும்பக் குழுக்களிலும் சுற்றுகிற சில நம்பிக்கைகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வெல்லமும் பனங்கற்கண்டும் கூலா மெலாக்காவும் "இயற்கை" என்பதால் இனிப்பு நீர்க்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்பது தவறு. அவற்றிலும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான். இரத்தத்துக்கு நிறம் தெரியாது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் நிறைய உண்டு, ஆனால் நைசாக அரைத்த மாவை நீர்க்கக் கரைத்துக் கூழாகக் குடித்தால் அதுவும் விரைவாகச் சர்க்கரையை ஏற்றும். ஆலிவ் எண்ணெய், கினோவா என்று கடையடுக்கைப் பார்த்து ஏங்க வேண்டியதில்லை. மாதம் 1,700, 1,800 வெள்ளியில் குடும்பம் நடத்துபவரிடம் போய் அவற்றைச் சொல்வது கேலி செய்வது போலாகும். பாசீர் பெனாம்பாங்கில் இறங்கும் சின்ன மீன், சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடைக்கும் காங்கோங், பச்சைப் பயறு, முருங்கைக்கீரை. இவை போதும்.

மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. சோற்றைத் திடீரென்று பாதியாக்கினால், அதே அளவு மாத்திரையோ இன்சுலினோ போடும்போது சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கம் வரலாம். அப்பாவுக்கு ஒருநாள் லாரியில் ஏறும் முன் கை நடுங்கி வியர்த்துவிட்டது. நல்லவேளை, ஏறவில்லை. சாப்பாட்டை மாற்றப் போகிறோம் என்பதைக் கிளினிக்கில் முன்கூட்டியே சொல்லுங்கள். நாங்கள் பிறகுதான் சொன்னோம்.

மறுப்புகளும் வருகின்றன. மாமா ஒருவர், "எப்படியும் சாகத்தான் போறோம், நல்லா சாப்பிட்டுட்டுச் சாவோம்" என்பார். சாவது பற்றி அவ்வளவு அச்சமில்லை மாமா, கால் இல்லாமல் பதினைந்து வருடம் உயிரோடு இருப்பதைப் பற்றித்தான் அச்சம். இன்னொரு மறுப்பு நியாயமானது. தோட்டத்திலிருந்து அடுக்குமாடிக்கு வந்தவர்களுக்குக் கீரை போட மண் எங்கே? பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து வரும் பெண்ணுக்கு வெங்காயத்தை நிதானமாகக் குழைய விட நேரம் எங்கே? உண்மை. அதனால்தான் தம்பிமார்களே, உங்களிடம் கேட்கிறேன். "அம்மா கைமணம்" என்று முகநூலில் எழுதும் நாம், அந்தக் கைக்கு ஒரு வெங்காயம் நறுக்கித் தந்திருக்கிறோமா? எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாவு அரைப்பது இப்போது நான். ஞாயிறு வெங்காயமும் நான். ஆரம்பத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னல் வழியாகப் பார்த்துச் சிரித்தார். இப்போது அவர் மகனை அனுப்பி அளவு கேட்கிறார்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். அற்புதம் எதுவும் நடக்கவில்லை. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் சோதனையில் அப்பாவுக்கு 10.4 இருந்தது, பத்து மாதத்தில் 7.9 ஆனது. மருந்து தொடர்கிறது, தொடரத்தான் வேண்டும். இந்த இறக்கத்தில் மருந்துக்கு எவ்வளவு பங்கு, கறிக்கு எவ்வளவு பங்கு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. 5 கிலோ எண்ணெய் இப்போது 41 நாள் வருகிறது, அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன். அட்டவணை கிழித்த இடத்தில் ஒட்டுத்தாளின் தழும்பு இன்னும் கதவில் இருக்கிறது. அதன் மேல் அம்மா கையெழுத்தில் ஒரு தாள்: "கோழி 1, எண்ணெய் 2 மே.க., பால் அரை, உப்பு ஒன்றே கால் தே.க." அக்கா திருமணமாகிக் கிள்ளானில் இருக்கிறார். இத்தனை ஆண்டாக "உன் கறி எப்படிம்மா?" என்று அவர் கேட்டால் அம்மா "கண்ணு அளவுதான்" என்பார். இப்போது படம் பிடித்து அனுப்பினார்.

தீராத ஒன்று மிச்சம் இருக்கிறது: கருவாட்டுக் குழம்பு. உலகச் சுகாதார நிறுவனக் கணக்கில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள், ஏறக்குறைய ஒரு தேக்கரண்டி. ஒரு துண்டுக் கருவாடே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும் போலிருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை நீர் மாற்றி, குழம்பில் உப்பே போடாமல் செய்து பார்த்தோம். உப்பு குறைந்தது, கூடவே கருவாட்டு மணமும் போய்விட்டது. குளிர்ந்த நீரில் செய்தால் மணம் நிற்கிறது, உப்பும் நிற்கிறது. இப்போதைக்கு மாதம் ஒருமுறை, ஆளுக்கு அரைத் துண்டு, நிறையக் கத்தரிக்காய் என்று ஒப்பந்தம். அப்பா அதில் கையெழுத்திடவில்லை. ஜெராம், தஞ்சோங் காராங் பக்கத்து வாசகர்கள் யாராவது வேறு வழி கண்டிருந்தால், அளவோடு எழுதி அனுப்புங்கள்.